பைலட்டும் இருக்கிறார், விமானமும் நிற்கிறது, பிறகு ஏன் கிளம்பவில்லை? பணி நேர விதிகள் பற்றி ஒரு விளக்கம்

திருச்சி விமான நிலையத்தில் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருப்பது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன விஷயம். சிங்கப்பூரோ கோலாலம்பூரோ துபாயோ, எங்கே போவதென்றாலும் திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காரில் வந்து, முறுக்கும் அதிரசமும் கட்டிய பெட்டியோடு காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் "விமானக் குழுவினரின் பணி நேரம் முடிந்துவிட்டதால் விமானம் தாமதம்" என்று அறிவித்தால், "பைலட்டு அந்தா நிக்கிறாகளாம், பிளேனும் நிக்கிது, பெறகு ஏன் எடுக்க மாட்டேங்கிறாக?" என்று ஓர் ஆச்சி கேட்பது நியாயமான கேள்விதான். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது நாடு முழுக்க இதே கேள்விதான் எழுந்தது. பைலட்டுகளுக்கு ஓய்வு கூடிவிட்டது, அதனால்தான் விமானம் ரத்து என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

இந்த விதிகளுக்குப் பொதுவாக எஃப்.டி.டி.எல். என்று பெயர். பறப்புக்கும் பணிக்கும் உள்ள நேர வரம்பு என்று பொருள். நம் நாட்டில் இதை வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. செய்திகளில் நான்கு விஷயங்களைப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள், அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதி தெளிவு வந்துவிடும்.

1. பறப்பு நேரம்: பயணத்துக்காக விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் வந்து நிற்கும் வரை. ஓடுபாதை நோக்கி ஊர்ந்து போவதும் இதில் சேரும்.

2. பறப்புப் பணி நேரம்: பைலட் விமான நிலையத்தில் வேலைக்கு ஆஜரான நிமிடத்தில் தொடங்கி, அன்றைய கடைசிப் பயணம் முடிந்து விமானம் நிற்கும் வரை. நடுவில் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகி அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தாமதமான விமானம் இன்னும் தாமதமாவதற்கும் கடைசியில் ரத்தாவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

3. பணி நேரம்: இது இன்னும் அகலமானது. பயிற்சி, அலுவலக வேலை, வேறொரு ஊரில் விமானம் ஓட்டுவதற்காகப் பயணியாக உட்கார்ந்து போவது எல்லாம் இதற்குள் வரும். சீருடையோடு பயணிகள் இருக்கையில் தூங்கிக்கொண்டு வரும் பைலட்டைப் பார்த்திருப்பீர்கள், அவர் அப்போது ஓய்வில் இல்லை, பணியில் இருக்கிறார்.

4. ஓய்வு: எந்தப் பணியும் இல்லாத, தொடர்ச்சியான, முன்கூட்டியே சொல்லப்பட்ட நேரம்.

வரம்புகளும் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு நாளுக்கு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு என்று. ஏழு நாட்களில் 35 மணி நேரம், 365 நாட்களில் 1000 மணி நேரம் என்பவை பறப்பு நேரத்துக்கான உச்ச வரம்புகள். செட்டிநாட்டில் பழைய கடைக் கணக்கு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: அன்றாடச் சிட்டையில் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பேரேட்டிலும் சரியாக இருக்க வேண்டும், கடைசியில் ஐந்தொகையிலும் நேராக வர வேண்டும். ஒரு பைலட் இன்றைய வரம்புக்குள் இருந்தாலும் வார வரம்பைத் தாண்டுகிறார் என்றால் அவரால் விமானத்தை எடுக்க முடியாது.

எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த மணி நேரம்

விதிகளின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, ஆனால் செய்திகளில் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது சூரியனைப் பார்த்து ஓடுவது, ரோஸ்டரை, அதாவது யாருக்கு எப்போது வேலை என்று போடும் பணி அட்டவணையைப் பார்த்து ஓடுவது கிடையாது. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடல் வெப்பம் இறங்கி, கவனம் மங்கி, கை கால் மந்தமாகும். விமானத் துறை இந்த நான்கு மணி நேரத்துக்கென்றே தனிப் பெயர் வைத்து விதிகளில் எழுதியிருக்கிறது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இந்த நேரத்தை மன உறுதியால் வெல்ல முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் கார் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான்.

சரி, இரவில் வேலை செய்தவர் பகலில் தூங்கினால் ஆயிற்று என்று தோன்றும். கல்யாண வீட்டுச் சமையல்காரர்களை நினைத்துப் பாருங்கள். காலைப் பலகாரத்துக்கு அதிகாலை 2 மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறார்கள். கல்லில் அரைத்த மாவு, பணியாரச் சட்டி, சாம்பாருக்குப் பருப்பு என்று ஓடி, மதியப் பந்தி முடிந்து 3 மணிக்குக் கொட்டகைக்குப் பின்னால் பாயை விரித்தால் தகரத்துக்கு மேல் வெயில், பக்கத்தில் அண்டா கழுவும் சத்தம், யாராவது வந்து "அண்ணே, ராத்திரி இடியாப்பத்துக்கு எத்தனை படி?" என்று கேட்டு எழுப்புவது. மறுநாள் அதிகாலை வரை பதினோரு மணி நேரம் ஓய்வு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் தூங்கியது நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். ஹோட்டல் அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுக்கும் பைலட்டுக்கு வெயிலும் அண்டாச் சத்தமும் இல்லாமல் இருக்கலாம், உடம்புக் கடிகாரம் மட்டும் அதேதான். காலை 10 மணிக்கு அது "எழுந்திரு" என்றுதான் சொல்லும்.

அதனால் நல்ல விதி என்பது ஓய்வின் நீளத்தை மட்டும் பார்க்கக் கூடாது, அதற்குள் இரவு எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வார ஓய்வுக்குள் இரண்டு "உள்ளூர் இரவுகள்" இருக்க வேண்டும் என்று விதி கேட்பது இதனால்தான். உள்ளூர் இரவு என்றால் இரவு 10 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையில் விழும் எட்டு மணி நேரம்.

மங்களூர் சொல்லிக்கொடுத்தது

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை 6 மணி சுமாருக்குத் தரையிறங்கியபோது, ஓடுபாதையின் பெரும்பகுதியைத் தாண்டித் தரை தொட்டு, மேட்டு நில ஓடுபாதையின் விளிம்பைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானி அறைக் குரல் பதிவில் குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. கேப்டன் பயணத்தின் நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியிருக்கிறார் என்று விசாரணைக் குழு கண்டது. இறங்கும் முன் விழித்துக்கொண்டார்தான், ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை உடனே தெளிவதில்லை. தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் அளவுக்கு மீறி மணிக்கணக்கில் வேலை பார்த்தார் என்பது இந்த விபத்தின் செய்தி இல்லை. இரவுத் தூக்கம் கெட்டு உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில், துளியும் தவறக் கூடாத ஒரு வேலையை ஒரு மனிதரிடம் கொடுத்திருக்கிறோம், அதுதான் செய்தி.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால்தான் அங்கே புதிய ஓய்வு விதிகள் வந்தன, 2014 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தன. இந்த விதிப் புத்தகத்தின் பல வரிகளுக்குப் பின்னால் யாரோ ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கிறது.

இந்தியாவில் என்ன மாறியது?

டி.ஜி.சி.ஏ. புதிய விதிகளை 2024 ஜனவரியில் அறிவித்தது. முதலில் அதே ஆண்டு ஜூன் 1 முதல் என்றார்கள், விமான நிறுவனங்கள் அவகாசம் கேட்கத் தள்ளிப்போனது. பைலட் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. முடிவில் 2025 ஜூலை 1-இல் ஒரு பகுதி, நவம்பர் 1-இல் மீதி என்று இரண்டு கட்டமாக வந்தது. முக்கியமான மாற்றங்கள்:

1. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. ஒரு வார ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 168 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

2. "இரவு" என்பது நள்ளிரவு 12 முதல் 5 வரை என்று இருந்தது, 6 வரை என்று நீண்டது.

3. இரவைத் தொடும் பணியில் ஆறு தரையிறக்கம் வரை அனுமதி இருந்தது, அது இரண்டாகக் குறைந்தது. அப்படிப்பட்ட பணியில் பறப்பு நேரம் 8 மணி, பறப்புப் பணி நேரம் 10 மணி என்று உச்ச வரம்பும் வந்தது.

4. களைப்பு பற்றி பைலட்டுகள் தரும் புகார்களை ஆராய்ந்து, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டும். புகார் சொன்னவரின் பெயரை வெளியிடக் கூடாது, தண்டிக்கவும் கூடாது.

நான்காவதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. "என்னால் இன்று முடியவில்லை" என்று சொல்ல ஒருவர் பயப்படாத இடத்தில்தான் மற்ற மூன்றும் வேலை செய்யும் என்பதால், எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

ஒரே ஒரு மணி நேரம் எப்படி இவ்வளவு வேலை பார்த்தது?

"இரவு 5-இல் முடிந்தது, இப்போது 6-இல் முடிகிறது, இதில் என்ன பெரிய மாற்றம்?" என்று கேட்கலாம். ஒரு கற்பனை ரோஸ்டரைப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையில் காலை 6.15-க்கு மதுரை விமானம். பைலட் ஒரு மணி நேரம் முன்னதாக 5.15-க்கு ஆஜராகிறார். சென்னையிலிருந்து மதுரை, திரும்பிச் சென்னை, பிறகு கோயம்புத்தூர், மறுபடி சென்னை. நான்கு தரையிறக்கம், மதியம் 12.45-க்கு வேலை முடிகிறது. பழைய விதியில் இரவு 5 மணிக்கே முடிந்துவிட்டதால் இது பகல் பணி, எந்தச் சிக்கலும் இல்லை.

புதிய விதியில் 5.15 என்பது இரவுக்குள் விழுகிறது. அவ்வளவுதான், இது "இரவைத் தொடும் பணி" ஆகிவிட்டது. இரண்டு தரையிறக்கத்தோடு, அதாவது மதுரை போய்ச் சென்னை திரும்பியதோடு அவர் இறங்கிவிட வேண்டும். கோயம்புத்தூருக்கு வேறொரு கேப்டனும் வேறொரு துணை விமானியும் வேண்டும். இல்லையென்றால் முதல் விமானத்தையே 7 மணிக்குத் தள்ளி, ஆஜராகும் நேரத்தை 6-க்கு நகர்த்த வேண்டும். நாடு முழுக்க ஒரு நிறுவனத்துக்கு இப்படி எத்தனை அதிகாலை விமானங்கள் இருக்கும் என்று யோசித்தால் கணக்கு எங்கே போகும் என்று தெரியும்.

இன்னொன்று, வார ஓய்வு. வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு ஓய்வு தொடங்கினால், 36 மணி நேரக் கணக்கில் ஞாயிறு காலை 10-க்கு அவரை அழைக்கலாம். 48 மணி நேரக் கணக்கில் ஞாயிறு இரவு 10 வரை தொட முடியாது. இரவு 10-க்கு மேல் அழைத்தால் அது இரவைத் தொடும் பணியாகி வரம்புகள் இறுகும், அதனால் பல நேரம் அடுத்த வேலை திங்கள் காலைக்குப் போய்விடும். காகிதத்தில் கூடியது 12 மணி நேரம், ரோஸ்டரில் இழப்பது அதைவிட அதிகம். குறைந்த ஆட்களை வைத்து ஒவ்வொரு மணி நேரத்தையும் பிழிந்து அட்டவணை போட்ட நிறுவனத்துக்குத்தான் இது அதிகம் வலிக்கும். கொஞ்சம் கூடுதல் ஆள் வைத்திருந்தவர்களால் சமாளிக்க முடிந்தது.

டிசம்பரில் ஏன் சரிந்தது?

உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் இண்டிகோ. நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான பயணங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கிய ரத்துகள் 5-ஆம் தேதி ஆயிரத்தைத் தாண்டின. புதிய விதிகளின் இரண்டாம் கட்டத்துக்குத் திட்டமிட்டதில் கணிப்புத் தவறியதாக அந்த நிறுவனமே அரசிடம் ஒப்புக்கொண்டது.

ஆனால் விதி அமலுக்கு வந்தது நவம்பர் 1-இல். சரிவு டிசம்பரில். ஏன் இந்த இடைவெளி? வரம்புகள் நாள், வாரம், வருடம் என்று கூடிக்கொண்டே போகும் தன்மை உடையவை என்று மேலே பார்த்தோம். முதல் சில வாரங்கள் கையிருப்பை வைத்து ஓட்டலாம். அப்புறம் பனிமூட்டம், தொழில்நுட்பக் கோளாறு, விமான நிலைய நெரிசல் என்று ஏதாவது ஒன்றால் விமானங்கள் தாமதமாகத் தொடங்கினால், குழுக்களின் பறப்புப் பணி நேரம் நடுவழியிலேயே தீர்ந்துவிடும். மதுரையில் இருக்க வேண்டிய குழு ஹைதராபாத்தில் நிற்கும், ஹைதராபாத்துக்கான விமானம் சென்னையில் நிற்கும். அவசரத்துக்கு அழைக்க வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை பைலட்டுகளும் தீர்ந்த பிறகு, ஒரு ரத்து அடுத்த நாளின் மூன்று ரத்துகளைப் பெற்றுப்போடும்.

வேறு பைலட்டைப் போட வேண்டியதுதானே? அது அவ்வளவு எளிதில்லை. ஏர்பஸ் ஏ320 ஓட்டுபவர் நினைத்தவுடன் ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானத்தை ஓட்ட முடியாது, ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சியும் தகுதியும் வேண்டும். கேப்டனுக்கான உரிமம் வாங்கவே குறைந்தது 1500 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவை. அதைச் சேர்க்க வருடங்கள் ஆகும். ஆனால் விதியை அறிவித்த நாளிலிருந்து முழுதாக அமலாகும் வரை ஏறத்தாழ 22 மாதங்கள் கிடைத்தன. அந்த மாதங்களில் ஆள் சேர்த்திருக்க வேண்டும், அல்லது அட்டவணையைக் குறைத்திருக்க வேண்டும். இரண்டும் போதுமான அளவு நடக்கவில்லை.

டிசம்பர் 5-இல் டி.ஜி.சி.ஏ. இரண்டு முடிவுகளை எடுத்தது. இண்டிகோவுக்கு மட்டும் இரவுப் பணி தொடர்பான வரம்புகளில் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. அப்புறம், விடுப்பை வார ஓய்வாகக் கணக்கிடக் கூடாது என்று இருந்த வரி எல்லா நிறுவனங்களுக்கும் திரும்பப் பெறப்பட்டது. மறுநாள் அரசு கட்டணத்துக்கும் உச்ச வரம்பு வைத்தது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கி.

கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போக முடியாமல் தவித்தவர்களுக்கு அந்த விலக்கு உடனடி நிம்மதி தந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அது தவறான முன்னுதாரணம் என்றே நினைக்கிறேன். தயாராகாதவருக்கு விலக்கு கிடைத்தால், செலவு செய்து கூடுதல் ஆள் எடுத்துத் தயாரான நிறுவனம் ஏமாந்துபோகிறது. அதோடு, அந்த விலக்கு நாட்களிலும் அதிகாலை 4 மணிக்கு பைலட்டின் உடம்பு அதே 4 மணியில்தான் இருந்தது. அதற்கு யாராலும் விலக்கு எழுதித்தர முடியாது.

திருச்சியிலிருந்து பறப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. எல்லா விமானத்துக்கும் இந்திய விதி பொருந்தாது. ஸ்கூட், ஏர் ஏசியா, ஸ்ரீலங்கன் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் குழுக்கள் அவரவர் நாட்டு விதிப்படி நடப்பார்கள். அதனால் ஒரே இரவில் ஒரு விமானம் கிளம்பி, பக்கத்தில் நிற்பது கிளம்பாமல் இருக்கலாம்.

2. இரவு விமானம் ஏற்கெனவே பல மணி நேரம் தாமதம் என்றால், குழுவின் நேரம் தீருமா என்பதை ஊழியரிடம் நேராகக் கேளுங்கள். சென்னை போன்ற தளங்களில் மாற்றுக் குழு கிடைக்கலாம், சிறிய நிலையங்களில் இன்னொரு விமானத்தில் வர வேண்டியிருக்கும். பதிலைப் பொறுத்து வீட்டுக்குத் திரும்புவதா, அறை எடுப்பதா என்று முடிவு செய்யலாம்.

3. எதிர்பாராத தாமதத்தில் வரம்பைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள கேப்டனுக்கு விதியிலேயே இடம் உண்டு. ஆனால் முடிவு அவருடையது, தன் குழுவின் நிலைமையைப் பார்த்துத்தான் எடுப்பார். கவுன்டரில் கூடி நின்று அவரை நெருக்குவதில் பயனில்லை. களைத்திருக்கிறேன் என்று ஒரு கேப்டன் ஒதுங்கினால் அவர் தன் கடமையைச் செய்திருக்கிறார்.

4. நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. பணத்தை அவர்களிடமே வரவு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசி 90 கிலோமீட்டர்

விமானக் குழுவுக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது. அதே விமானத்தில் வந்தவரைத் திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு அழைத்துப் போகும் வாடகைக் கார் டிரைவருக்கு? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஆனால் சொந்தமாக ஒற்றை வண்டி வைத்து ஓட்டுபவருக்கு ரோஸ்டரும் கிடையாது, ஸ்டாண்ட்பையும் கிடையாது. காலையில் பிள்ளையார்பட்டிக்கு ஒரு சவாரி, மதியம் மதுரைக்கு ஒன்று, இரவு 11-க்குத் திருச்சிக்கு உங்களை ஏற்றிவரக் கிளம்புவார். விமானம் தாமதமானால் நிறுத்துமிடத்தில் இருக்கையைச் சாய்த்து அரைத் தூக்கம். திரும்பும்போது மணி 3. உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் அதே நேரம், பக்கத்தில் துணை விமானியும் இல்லை. பின்னால் குடும்பம் முழுக்கத் தூங்கிக்கொண்டு வரும்.

எனவே நள்ளிரவு தாண்டி வரும் விமானத்துக்கு வண்டி பேசும்போது, அன்று பகலில் வேறு சவாரி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உண்டு என்றால் வேறு டிரைவரை அனுப்பச் சொல்லுங்கள், அல்லது திருச்சியிலேயே தங்கி, காலை விடிந்த பிறகு கிளம்புங்கள். இரவிலேயே கிளம்பியே ஆக வேண்டுமென்றால் முன் இருக்கையில் ஒருவர் தூங்காமல் பேசிக்கொண்டு வரட்டும், புதுக்கோட்டையில் நிறுத்தி டிரைவர் அரை மணி நேரம் கண்ணை மூடுவதற்குத் தனியாக நேரம் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.